டெக்சாஸில் காட்டு வான்கோழி வேட்டை: லைசென்ஸ் வாங்குவதிலிருந்து 24 மணி நேரப் பதிவு வரை

லானோ கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) ஒரு ராஞ்சில், அதாவது பெரிய தனியார் பண்ணை நிலத்தில், என் முதல் காட்டு வான்கோழியைச் சுட்டபோது காலை ஏழே கால் மணி. அந்த ஒரு காலைக்காக எட்டு மாதம் அலைந்திருந்தேன். வேட்டைக் கல்வி, லைசென்ஸ், துப்பாக்கி வாங்கும் படிவம், நிலத்துக்காரரின் அனுமதி என ஒவ்வொன்றையும் தவறான வரிசையில் தொடங்கி, பாதியில் திரும்பி, மறுபடி தொடங்கினேன். பறவை கைக்கு வந்த பிறகும் ஒரு பெரிய தவறு செய்யப் பார்த்தேன். அது ஒன்பதாவது படியில் வருகிறது.

வேலைக்காக டெக்சாஸ் வந்து, அலுவலக நண்பர் ஒருவர் "ஏப்ரலில் டர்க்கி வேட்டைக்கு வருகிறாயா?" என்று கேட்டதும் ஆசையோடு தேட ஆரம்பித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முக்கியமாக 1 முதல் 4 வரை உள்ள படிகள். கட்டணங்கள் எல்லாம் நான் வாங்கியபோது இருந்தவை. டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை ஆண்டுதோறும் 'அவுட்டோர் ஆனுவல்' என்ற விதித்தொகுப்பை வெளியிடுகிறது, இணையத்தில் இலவசம். கிளம்புவதற்கு முந்தைய நாள் உங்கள் கவுண்டியின் பக்கத்தை அதில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. முதலில் உங்கள் விசா நிலையைப் பாருங்கள்

நம்மவர்களில் பலருக்குத் தெரியாத விஷயம் இது. எனக்கும் தெரியாது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்தியச் சட்டம். டெக்சாஸில் துப்பாக்கிச் சட்டம் தளர்வானது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது மாநிலச் சட்டம். இது அதற்கு மேலே இருப்பது.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலம் முறையாகக் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. அதனால்தான் லைசென்ஸ் முதலில், துப்பாக்கி அப்புறம்.

இதில் மூன்று இடங்களில் வழுக்கும்.

நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கிக் குறிபார்ப்பதும் 'வைத்திருப்பது' என்ற கணக்கில் வரலாம். "என்னுடையது இல்லையே" என்பது பதிலாகாது. லைசென்ஸ் வரும்வரை சுடும் பயிற்சி மையத்துக்குக்கூடப் போகாதீர்கள்.

இரண்டாவது, டெக்சாஸ் லைசென்ஸ் எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். வீட்டு அலமாரியில் ஷாட்கன் இருக்கிறது, செப்டம்பர் 1 அன்று கையில் புது லைசென்ஸ் இல்லை என்றால், தற்காலிக விசாக்காரருக்கு அந்தத் துப்பாக்கி வீட்டில் இருப்பதே குற்றம். அடுத்த ஆண்டுக்கான லைசென்ஸ் ஆகஸ்ட் 15 வாக்கிலேயே விற்பனைக்கு வந்துவிடும். அன்றைக்கே வாங்கும்படி கைப்பேசியில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, விசாக் காலம் முடிந்து சட்டபூர்வ நிலை இல்லாமல் இருப்பவருக்கு இந்த விலக்கு கிடையவே கிடையாது. எத்தனை லைசென்ஸ் இருந்தாலும் உதவாது.

கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, நிலை மாறும் நேரம் என்பது போன்ற இடைப்பட்ட நிலையில் இருந்தால், துப்பாக்கிக் கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். ஒரு வான்கோழிக்காகப் பத்து வருடக் காத்திருப்பைப் பணயம் வைக்க முடியாது.

துப்பாக்கியே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. வில்லும் கிராஸ்போவும் (விசையால் அம்பு எய்யும் வில்) மத்தியச் சட்டத்தில் துப்பாக்கி ஆகாது. வான்கோழிக்கு இரண்டும் அனுமதிக்கப்பட்டவை. என் நண்பர் ஒருவர் விசாத் தொல்லையே வேண்டாம் என்று வில்லைத்தான் எடுத்தார். பழகுவதற்கு அதிக காலம் பிடிக்கும், அவ்வளவுதான்.

2. வேட்டைக் கல்விச் சான்றிதழ்

1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பின் பிறந்த யாரும் டெக்சாஸில் வேட்டையாட வேட்டைக் கல்வி முடித்திருக்க வேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் முழுப் பாடத்தையும் இணையத்திலேயே முடிக்கலாம். நான் இரண்டு வார இறுதிகளில் முடித்தேன். துப்பாக்கி தேவையில்லை, நேரில் போக வேண்டியதும் இல்லை. 9 முதல் 16 வயதுள்ள பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வதாக இருந்தால் அவர்களுக்கு இணையப் பாடத்தோடு நேரடிப் பயிற்சியும் உண்டு. அந்தப் பயிற்சி நாட்கள் வசந்த சீசன் நெருங்கும்போது சீக்கிரம் நிரம்பிவிடும்.

வேறு மாநிலத்தில் இந்தப் படிப்பை முடித்திருந்தால் அந்தச் சான்றிதழே இங்கும் செல்லும்.

நேரமில்லாதவர்களுக்கு 10 டாலர் கொடுத்துப் பாடத்தைத் தள்ளிப்போடும் வசதி ஒன்று உண்டு. வாழ்நாளில் ஒரே முறைதான். அப்படிப் போனால் 17 வயதோ அதற்கு மேலோ ஆன, லைசென்ஸ் உள்ள, பாடம் முடித்த அல்லது பாடத்திலிருந்து வயதால் விலக்குப் பெற்ற ஒருவர் பேச்சுக் கேட்கும் தூரத்தில் கூடவே இருக்க வேண்டும். என் அபிப்பிராயத்தில் இதைப் பயன்படுத்தாதீர்கள். ஊரில் வேட்டைத் துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர்கள் நம்மில் பெரும்பாலோர். குழல் எந்தத் திசையில் இருக்க வேண்டும், வேலியைத் தாண்டும்போது என்ன செய்வது என்பதையெல்லாம் அந்தப் பாடம் பொறுமையாகச் சொல்லித் தருகிறது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

3. லைசென்ஸும், எல்லோரும் விட்டுவிடும் 7 டாலரும்

டெக்சாஸில் தொடர்ந்து 6 மாதம் வசித்திருந்தால் உள்ளூர்வாசிக் கட்டணம். வேட்டை லைசென்ஸ் 25 டாலர். 6 மாதம் ஆகவில்லையா? வெளிமாநிலத்தவருக்கான பொது வேட்டை லைசென்ஸ் 315 டாலர். வசந்த வான்கோழிக்கு மட்டும் என்றால் 126 டாலர். புதிதாக வந்தவர்கள் ஒரு சீசன் பொறுத்திருந்தால் கணிசமாக மிச்சம் பிடிக்கலாம். ஓட்டுநர் உரிமம், சோஷியல் செக்யூரிட்டி எண் இரண்டும் கேட்பார்கள்.

அந்த 25 டாலர் லைசென்ஸோடு நின்றுவிடக் கூடாது. வான்கோழிக்கு 'அப்லேண்ட் கேம் பேர்ட் என்டார்ஸ்மென்ட்' என்ற கூடுதல் ஒப்புதல் வேண்டும், 7 டாலர். இணையத்தில் வாங்கும்போது அது தானாகச் சேராது, நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் முதல்முறை விட்டுவிட்டேன். ராஞ்சுக்குக் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போதுதான் ரசீதைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். மீன்பிடியும் சேர்த்து எல்லா ஒப்புதல்களும் வேண்டும் என்றால் 68 டாலர் 'சூப்பர் காம்போ' இருக்கிறது. குழந்தைகளோடு ஏரிக்குப் போகிறவர்களுக்கு அதுவே லாபம்.

காகித லைசென்ஸா, டிஜிட்டல் லைசென்ஸா என்று கேட்பார்கள். டிஜிட்டலில் காகித டேக் (சுட்ட பறவையோடு கட்ட வேண்டிய சீட்டு) வராது. பறவை விழுந்த உடனே துறையின் கைப்பேசிச் செயலியில்தான் எல்லாம் செய்ய வேண்டும். முதல் ஆண்டுக்காரர்கள் காகிதத்தையே வாங்குங்கள் என்பேன். காட்டில் பேட்டரி தீர்ந்த கைப்பேசியை வைத்துக்கொண்டு தவிக்க வேண்டாம்.

ஆனால் இணையத்தில் ஆர்டர் செய்த காகித லைசென்ஸ் தபாலில்தான் வரும். அதில்தான் டேக்குகள் இருக்கும். டேக் இல்லாமல் வான்கோழி வேட்டைக்குப் போக முடியாது. ஒன்று, சீசனுக்கு ஒரு மாதம் முன்பே ஆர்டர் செய்யுங்கள். இல்லாவிட்டால் லைசென்ஸ் விற்கும் விளையாட்டுப் பொருள் கடைக்கோ வால்மார்ட்டுக்கோ நேரில் போங்கள். கவுண்டரிலேயே அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

4. துப்பாக்கி வாங்குவது

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு கடைக்குப் போங்கள். வான்கோழிக்கு ஷாட்கன் போதும். டெக்சாஸில் அதை வாங்கத் தனி அனுமதிச்சீட்டு கிடையாது. ஆனால் உரிமம் பெற்ற எந்தக் கடையிலும் மத்திய அரசின் 4473 படிவத்தை நிரப்பிப் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும்.

தற்காலிக விசாக்காரர் எடுத்துப் போக வேண்டியவை: தற்போதைய முகவரியுள்ள ஓட்டுநர் உரிமம், ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு) அச்சுப்பிரதி, கடவுச்சீட்டு, வேட்டை லைசென்ஸ். உரிமத்தில் பழைய முகவரி இருந்தால், புது முகவரியுள்ள வேறொரு அரசு ஆவணம் வேண்டும். வாகனப் பதிவுச் சீட்டை ஏற்றுக்கொள்வார்கள். வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் நமக்கு இது அடிக்கடி வரும் சிக்கல். கிரீன் கார்டு உள்ளவர் கார்டை எடுத்துப் போக வேண்டும். அதில் உள்ள எண்ணைப் படிவத்தில் எழுத வேண்டும்.

அந்தப் படிவத்தில், தற்காலிக விசாவில் வந்தவரா, அப்படியானால் விலக்கு உண்டா என்று கேள்விகள் வரும். நிதானமாக வாசித்து உண்மையை எழுதுங்கள். நான் போன முதல் கடையில் விற்பனையாளருக்கே இந்த விலக்கு தெரியவில்லை. "உங்களுக்கு விற்க முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வேறு கடைக்குப் போய், முன்கூட்டியே மேலாளரிடம் தொலைபேசியில் பேசி, ஆவணங்களைச் சொல்லிவிட்டுப் போனேன். ஒரு மணி நேரத்தில் படிவம் முடிந்தது. சோதனை முடிவு சிலருக்கு அன்றே வரும். 'தாமதம்' என்று வந்தால் சில வேலை நாட்கள் பிடிக்கும். எனக்கு நான்கு நாள் ஆனது. சீசனுக்கு முந்தைய வாரம் போய் நிற்காதீர்கள்.

5. எந்தக் கவுண்டி, எந்தத் தேதி

டெக்சாஸ் முழுக்க ஒரே தேதி என்று நினைத்தால் தவறு. வசந்த சீசனுக்குத் தெற்கு மண்டலம், வடக்கு மண்டலம் என்று பிரித்திருக்கிறார்கள். தெற்கில் மார்ச் நடுப்பகுதி வாக்கில் தொடங்கும். வடக்கில் அதிலிருந்து சுமார் இரண்டு வாரம் தள்ளி. இரண்டிலும் ஆறு வாரம் போல நீடிக்கும். சிறுவர்களுக்கென்று தனி வார இறுதிகள் உண்டு. சில கவுண்டிகளில் சீசனே கிடையாது.

ஆண்டுக்கு ஒருவருக்கு மொத்தம் 4 வான்கோழி. இந்த 4 என்பது எல்லாக் கவுண்டிக்கும் பொதுவான உரிமை என்று நினைத்துவிடாதீர்கள். பாஸ்ட்ராப், கால்டுவெல், ஃபேயட், லீ, மைலம் போன்ற ஒரு வரிசைக் கவுண்டிகளில் சீசன் ஏப்ரல் மாதம் மட்டும். ஆண் பறவை ஒன்றுதான். ஆஸ்டினுக்குக் கிழக்கே வசிப்பவர்கள் கவனியுங்கள். வீட்டிலிருந்து ஒரு பக்கம் போனால் ஒரு விதி, மறுபக்கம் போனால் வேறு விதி.

கிழக்கு டெக்சாஸ் இன்னும் கறாரானது. அங்கே இருப்பது 'ஈஸ்டர்ன்' என்ற வகை. மற்ற இடங்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் 'ரியோ கிராண்டே' வகை; அதன் வால் நுனி வெளிர் மணல் நிறமாக இருக்கும், ஈஸ்டர்ன் பறவைக்கு அடர் செம்பழுப்பு. ஈஸ்டர்ன் சீசன் ஏப்ரல் 22 முதல் மே 14 வரை, சில கவுண்டிகளில் மட்டும். ஆண் பறவை ஒன்று. ஷாட்கன், வில், கிராஸ்போ தவிர வேறு ஆயுதம் கூடாது. தீனி போட்டு வரவழைப்பதும் கூடாது.

டாலஸ் பகுதி நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. ஃபிரிஸ்கோ, பிளேனோ, மெக்கின்னி பக்கம் இருப்பவர்கள் வடக்கே வண்டியெடுத்தால் முதலில் வருவது கிரேசன் கவுண்டி. அது இந்தக் கிழக்கு விதிப் பட்டியலில் இருக்கிறது! மத்திய டெக்சாஸின் ஹில் கன்ட்ரி பகுதியில் தனியார் நிலத்தில் சோளம் தூவிச் சுட்டுப் பழகிய ஒருவர் "அங்கேயும் அப்படித்தான்" என்று சொன்னால் கேட்காதீர்கள்.

வசந்தத்தில் சுடக்கூடியது ஆண் பறவை. மார்பிலிருந்து கருப்பு முடிக்கற்றை போலத் தொங்குவதைத் 'தாடி' என்கிறார்கள். சில பெட்டைக்கும் தாடி முளைக்கும். அத்தகைய பெட்டையைச் சுடலாமா என்பதும் கவுண்டியைப் பொறுத்தது. சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள். சுடும் நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரை. இலையுதிர் காலத்திலும் ஒரு சீசன் உண்டு. அதன் விதிகள் வேறு, ஒன்பதாவது படியில் வரும் பதிவுக் கடமை மட்டும் அதே.

6. நிலம் கிடைப்பதுதான் கஷ்டம்

இந்த மாநிலத்தில் நிலம் கிட்டத்தட்ட முழுவதும் தனியாருடையது. காடு இருக்கிறது, வேலி இல்லை என்பதால் உள்ளே போகலாம் என்று நினைக்கக் கூடாது. மரத்திலோ கம்பத்திலோ ஊதா நிறத்தில் செங்குத்துக் கோடு பார்த்தால், 'அனுமதியின்றி நுழையாதே' என்ற பலகைக்குச் சட்டப்படி அது சமம். பொதுச் சாலையிலிருந்தோ சாலையோரத்திலிருந்தோ சுடவும் கூடாது. வண்டியை நிறுத்தினால் பத்தடியில் வான்கோழி நிற்கும். கை பரபரக்கும். நிற்கட்டும்.

மூன்று வழிகள் உண்டு. நிலம் உள்ள நண்பர் அழைப்பது முதலாவது, செலவு குறைவானதும் அதுதான். அனுமதியை வாய்வார்த்தையாக விடாமல் ஒரு குறுஞ்செய்தியாகவாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராஞ்சின் பெயரையும் கவுண்டியையும் அந்தச் செய்தியிலேயே கேட்டுவிடுங்கள், டேக்கில் எழுதத் தேவைப்படும். இரண்டாவது, நாள் கணக்கில் பணம் கொடுத்து ராஞ்சில் வேட்டையாடுவது. தங்குமிடம், வழிகாட்டி எல்லாம் சேர்ந்தால் செலவு நன்றாக ஏறும். முன்பணம் திரும்ப வருமா, பறவை தப்பினால் என்ன கணக்கு என்பதை எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது அரசு நிலம். 48 டாலருக்கு ஆண்டு பொது வேட்டை அனுமதி வாங்கினால் மாநிலம் முழுக்கப் பல இடங்களில் நுழையலாம். எந்த இடத்தில் வான்கோழிக்கு அனுமதி என்பதை அதற்கான வரைபடக் கையேட்டில் பார்க்க வேண்டும். குலுக்கல் முறையில் நடக்கும் வேட்டைகளும் உண்டு. அவற்றுக்கு சீசனுக்குப் பல மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், விண்ணப்பக் கட்டணம் சில டாலர்தான். நான் மார்ச்சில் போய்த் தேடினேன். எல்லாம் முடிந்திருந்தது.

7. அந்தக் காலை

லைசென்ஸ், ஓட்டுநர் உரிமம், வேட்டைக் கல்விச் சான்று, மை பேனா, சிறு கத்தி, டேக்கைக் கட்ட நூல். இவை ஒரே பையில். பென்சில் வேண்டாம்.

சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடம்பில் தெரியக் கூடாது, காலுறை வரைக்கும். ஆண் வான்கோழியின் தலை அந்த மூன்று நிறத்திலும் மாறி மாறி இருக்கும். இன்னொரு வேட்டைக்காரர் உங்களைப் பறவை என்று நினைத்துவிடுவார். முதுகை உங்கள் உடம்பைவிட அகலமான மரத்தில் சாய்த்து உட்காருங்கள். யாராவது வருவது தெரிந்தால் கையை ஆட்டாதீர்கள், வாய்விட்டுப் பேசுங்கள். சத்தத்தை மட்டும் கேட்டுச் சுடாதீர்கள்; புதருக்குப் பின்னால் பெட்டை மாதிரிக் குரல் கொடுப்பது இன்னொரு மனிதராக இருக்கலாம். பறவையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது ஆரஞ்சுத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள்.

8. பறவை விழுந்ததும்: டேக்

படம் எடுப்பதற்கு முன், நண்பருக்குச் செய்தி அனுப்புவதற்கு முன், டேக். சட்டம் 'உடனடியாக' என்று சொல்கிறது. ராஞ்ச் வீட்டுக்குப் போய்க் கட்டிக்கொள்ளலாம் என்பதற்கு இடமில்லை.

லைசென்ஸிலிருந்து வான்கோழி டேக்கைப் பிரித்தெடுங்கள். மான் டேக்கும் அதே தாளில்தான் இருக்கும். பதற்றத்தில் மாற்றி எடுக்கிறவர்கள் உண்டு. ராஞ்சின் பெயர், கவுண்டி இரண்டையும் மையால் எழுதுங்கள். மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்டி எடுக்க வேண்டும். பேனாவால் வட்டமிட்டால் போதாது. பிறகு காலோடு சேர்த்துக் கட்டுங்கள். பனியில் நனையாமல் இருக்கச் சின்ன ஜிப் பைக்குள் டேக்கைப் போட்டுக் கட்டுவது நல்லது.

ஆண் என்பதற்கான அடையாளம் பறவையோடு இருக்க வேண்டும். முள்ளோடு (காலின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்நகம் போன்றது) கூடிய ஒரு கால் பறவையிலேயே இருக்கலாம். அல்லது தாடியும் மார்பு இறகுகளும் ஒட்டிய தோல் துண்டு பறவையோடு வர வேண்டும். தாடிப் பெட்டையாக இருந்தால் இந்தத் தோல் துண்டுதான் சான்று. நம் ஊரில் கோழி சுத்தம் செய்கிற பழக்கத்தில் முதல் வேலையாகக் காலை வெட்டிப் போட்டுவிடுவோம். இங்கே அதைச் செய்யாதீர்கள். வீட்டுக்கோ இறைச்சி பதப்படுத்தும் கடைக்கோ போய்ச் சேரும்வரை டேக்கும் அடையாளமும் கூடவே இருக்கட்டும். குடலை அங்கேயே எடுத்துவிட்டு ஐஸ் பெட்டியில் வைப்பதில் தடையில்லை. ஏப்ரல் வெயிலில் அதைச் செய்யாவிட்டால் இறைச்சி கெட்டுவிடும், உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்குவதும் இங்கே குற்றம்தான்.

9. 24 மணி நேரம்: பதிவு

சரி, என் தவறுக்கு வருகிறேன்.

எங்களை அழைத்துப்போனவர் இருபது வருடமாக அந்தப் பக்கம் வேட்டையாடுகிறவர். நல்ல மனிதர், எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தவர். "பதிவெல்லாம் கிழக்குக் கவுண்டிக்காரர்களுக்குத்தான், நமக்கு டேக் போதும்" என்றார். அவர் சொன்னது ஒரு காலத்தில் சரி. ஆனால் 2024 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் எந்தக் கவுண்டியில் எந்தக் காட்டு வான்கோழியைச் சுட்டாலும் 24 மணி நேரத்துக்குள் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ரியோ கிராண்டே, ஈஸ்டர்ன், வசந்தம், இலையுதிர் காலம் என்ற வித்தியாசம் இல்லை.

இரவுச் சாப்பாட்டின்போது நிலத்துக்காரரின் மகள்தான் "அங்கிள், ரிப்போர்ட் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள். அப்போது பதின்மூன்று மணி நேரம் போயிருந்தது. ராஞ்சில் சிக்னல் கிடையாது. நான் செயலியை இறக்கியே வைத்திருக்கவில்லை. இருட்டில் இருபது மைல் ஓட்டி ஒரு பெட்ரோல் நிலையத்தின் முன்னால் நின்று, செயலியை இறக்கி, கடவுச்சொல்லை மறந்து, புதுக் கடவுச்சொல் கேட்டு, ஒருவழியாகப் பதிவு செய்து முடித்தபோது மணி பத்தரை. அவள் கேட்காமல் இருந்திருந்தால் இரண்டு நாள் கழித்து வீடு திரும்பித்தான் யோசித்திருப்பேன்.

நீங்கள் செய்ய வேண்டியது: வீட்டில் வைஃபை இருக்கும்போதே 'டெக்சாஸ் ஹன்ட் அண்ட் ஃபிஷ்' செயலியை இறக்கி, உங்கள் லைசென்ஸ் விவரத்தை அதில் சேர்த்து, ஒருமுறை திறந்து பாருங்கள். செயலி வேண்டாம் என்றால் துறையின் இணையதளத்தில் 'மை டெக்சாஸ் ஹன்ட் ஹார்வெஸ்ட்' பக்கத்திலும் பதியலாம். எங்கே, எப்போது சுட்டது, ஆணா பெட்டையா போன்ற விவரங்கள்தான் கேட்கும். ஐந்து நிமிட வேலை. கட்டணம் இல்லை.

கணக்கு தொடங்குவது பறவை விழுந்த நேரத்திலிருந்து. மறுநாள் நள்ளிரவு வரை என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பதிவு முடிந்ததும் ஓர் உறுதிப்படுத்தல் எண் வரும். அது திரையில் வரும்வரை பதிவு ஆகிவிட்டதாக நினைக்க வேண்டாம். திரையைப் படம் பிடித்து, எண்ணை லைசென்ஸின் பின்புறமும் எழுதி வையுங்கள். கேம் வார்டன், அதாவது வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரி, ராஞ்ச் வாசலிலும் நிறுத்திக் கேட்கலாம், நெடுஞ்சாலையிலும் கேட்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பதிவு செய்தால் டேக் வேண்டாம் என்பதும், டேக் கட்டினால் பதிவு வேண்டாம் என்பதும் இரண்டுமே தவறு. காகித லைசென்ஸ்காரருக்கு இரண்டும் தனித்தனிக் கடமை. இது போன்ற மீறல்களுக்குச் சாதாரணமாக 25 முதல் 500 டாலர் வரை அபராதம். அதோடு பறவையின் மதிப்பைத் தனியாக வசூலிக்கவும் துறைக்கு உரிமை உண்டு. தற்காலிக விசாவில் இருப்பவருக்கு அபராதத்தைவிட, பெயரில் ஒரு வழக்கு ஏறுவதே பெரிய தலைவலி.

வேறு மாநிலத்துக்குப் போனால் இந்த 24 மணி நேரத்தை மறந்துவிடுங்கள். மிசூரியில் சுட்ட அன்றே இரவு 10 மணிக்குள் பதிய வேண்டும். ஒஹையோவில் அன்றிரவு 11:30. பென்சில்வேனியாவில் 10 நாள் அவகாசம். அங்கே வசித்து இங்கே வந்த நண்பர் சொல்லும் கணக்கு இங்கே செல்லாது.

10. இறைச்சியைப் பகிரும்போது

நம் வீடுகளில் ஒரு பறவை சமைத்தால் நாலு வீட்டுக்குப் போகும். காட்டு வான்கோழியை விற்கத்தான் கூடாது, பகிரலாம். ஆனால் வேட்டை நிலத்திலேயே நண்பரிடம் பறவையையோ அதன் பாதியையோ கொடுத்து அனுப்பினால், அவர் வீடு போய்ச் சேரும்வரை கூடவே ஒரு காகிதம் இருக்க வேண்டும். 'வைல்ட்லைஃப் ரிசோர்ஸ் டாக்குமென்ட்' என்று பெயர். அச்சடித்த படிவம் துறையிடம் இருக்கிறது, கையால் எழுதினாலும் செல்லும்.

நான் நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தது இந்த விவரங்கள்: என் பெயர், முகவரி, கையெழுத்து, லைசென்ஸ் எண், வாங்கிக்கொள்பவரின் பெயர், என்ன கொடுக்கிறேன், எவ்வளவு, சுட்ட தேதி, ராஞ்சின் பெயரும் கவுண்டியும். அதோடு பதிவின் உறுதிப்படுத்தல் எண்ணையும் கீழே எழுதினேன். சட்டம் அதைக் கேட்கவில்லை. ஆனால் நண்பரை வழியில் நிறுத்தினால் அவர் எனக்குத் தொலைபேசியில் அழைக்காமலே பதில் சொல்லிவிடலாம். அந்தக் காகிதத்தை இறைச்சிப் பையோடு ஐஸ் பெட்டிக்குள் போடாமல், வண்டியின் முன்னால் வைக்கச் சொல்லுங்கள். ஐஸ் உருகினால் மை கலைந்துவிடும்.